தம்பியின் ரயிலைச் சுற்றி ஒரு வட்டம்

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெண் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சுவரில் வண்ண அட்டை ஒட்டியிருக்கிறாள். முதலில் இஷ்டத்துக்கு விளையாட்டு, பிறகு கைவேலை, சாப்பாடு, தூக்கம், கடைசியில் எடுத்து வைக்கும் நேரம். அந்த நேரம் வந்ததும் கைப்பேசியில் ஒரு பாட்டு ஓடும். பாட்டு முடிவதற்குள் தரை காலியாகிவிட வேண்டும். ஆகியும் விடுகிறது. காலித் தரையைப் படம் பிடித்து அம்மாக்களுக்கு அனுப்புகிறாள். அவர்கள் ஆபீசில் உட்கார்ந்தபடி இதயம் போடுகிறார்கள்.

நான் குறை சொல்லவில்லை. ரிட்டையரானவர்களுக்குக் குறை சொல்வதைத் தவிர வேறு பிழைப்பில்லை என்று நம்மைப் பற்றி ஏற்கனவே ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு நான் வேறு எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஆனால் போன வாரம் அங்கே போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு பொடியன் பாதி கட்டிய எதையோ கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டு முடிந்துவிட்டது. அந்தப் பெண் மெதுவாக, அன்பாகத்தான், அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். "நாளைக்குப் புதுசா செய்யலாம், ஓகேவா?" என்றாள். அவனும் தலையாட்டினான். நான் மாடிக்கு வந்து போட்டு வைத்த காப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்களும் என் வயதுக்காரர்கள்தானே, உங்களுக்குப் புரியும். வேலைக்குப் போகும் அம்மா என்றால் தெருவே திரும்பிப் பார்த்த காலம் நம்முடையது. கிரஷ் என்ற வார்த்தையெல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. செகந்திராபாத்தில், மாரெட்பள்ளியில் நாங்கள் குடியிருந்தபோது, நாலு வீடு தள்ளி ஒரு ஆன்ட்டி இருந்தார். அவரிடம்தான் என்னையும் தம்பியையும் விட்டுவிட்டு அம்மா தார்நாகாவுக்கு பஸ் ஏறுவாள். அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை. அப்பாவுக்கு பாலாநகரில், ஃபாக்டரியில். இரண்டு பேரும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். ஆன்ட்டி குடும்பம் அப்படியில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து வேர் பிடித்துவிட்ட தமிழர்கள். ஆன்ட்டி பேசும் தமிழ் எங்கள் அம்மாவுக்கு முதல் ஒரு மாதம் விளங்கவே இல்லை. ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார்.

"கைக்கு பயப்படறே நீ? ஆபீசுக்குப் போ. பசங்க ஆராமா இருக்கும்," என்று சொல்லி அம்மாவைக் கேட்டுக்கு வெளியே தள்ளாத குறையாகத் தள்ளுவார் ஆன்ட்டி.

நான் சொல்வது ஒரு கோடை விடுமுறையும் அதன் பின்னாலேயே வந்த மழைக்காலமும். எனக்கு ஏழு வயது. தம்பிக்கு மூன்று முடிந்திருந்தது. அவன் பேசவில்லை.

அழுவான், சிரிப்பான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். சொன்னதெல்லாம் புரியும். "அப்பாவோட செருப்பை எடுத்துட்டு வா சாமி" என்றால் ஜோடி மாறாமல் எடுத்து வருவான். ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அம்மா என்று கூட வராது. கோயமுத்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அவனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை அம்மா எப்படித் தாங்கினாளோ. ஒவ்வொரு சாயங்காலமும் ஆன்ட்டி வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதே அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"ஏனுங்க, இன்னைக்கு ஏதாச்சும் பேசினானுங்களா?"

"நைம்மா. நாளைக்குப் பேசுவான், போ."

ஆன்ட்டி வீட்டுக் கூடம் நீளமானது. தரை முழுக்க ஷாபாத் கல், சாம்பல் நிறம். எந்த வெயிலிலும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும். காலையில் ஆன்ட்டி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து கூடத்தின் நடுவே வைப்பார். அவ்வளவுதான் அவருடைய பாடத்திட்டம். "ஆடுங்க. ரத்தம் வந்தா மட்டும் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ரேடியோவை முடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். பெரிய ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறித்தனம் அவருக்குக் கொஞ்சம் தூக்கல்தான். மத்தியானம் எங்களைத் தூங்கச் சொல்லிவிட்டு அவர்தான் முதலில் குறட்டை விடுவார்.

பெட்டிக்குள் கடையில் வாங்கிய பொம்மை ஒன்று கூடக் கிடையாது. எல்லாம் எங்கள் அப்பா அம்மாக்கள் வேலை செய்யும் இடத்துக் குப்பை. ஆன்ட்டியின் ஏற்பாடு அப்படி. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார், "உங்க ஆபீஸ் குப்பையைக் கொண்டாங்க" என்று. எங்கள் அப்பா ஃபாக்டரியிலிருந்து கலர் கலராக வயர்த் துண்டுகள் கொண்டுவருவார். அம்மா லேபிலிருந்து வட்ட வட்டமான ஃபில்டர் பேப்பர், ஒருமுறை பயன்படுத்தியது, கொண்டுவருவாள். பாங்க்காரர் மகன் ஒருவன் இருந்தான், தெலுங்குப் பையன், அவன் கார்பன் பேப்பர் கொண்டுவந்து எல்லோர் மூஞ்சியையும் நீலமாக்குவான். பின்தெருவில் தையல் கடை வைத்திருந்த பாயின் மகள் நூல் தீர்ந்த மரக்கட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். ஆன்ட்டியின் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டு. அவரை அங்கிள் என்போம். அவர் பங்கு, செல்லாத பழைய அட்டை டிக்கெட்டுகள். கெட்டியாக, சின்னதாக, நடுவில் ஓட்டையோடு இருக்குமே, நினைவிருக்கிறதா? அந்த டிக்கெட்டின் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

மூன்று மணிக்குக் கைவேலை. ஃபில்டர் பேப்பரின் நடுவில் பேனா மையை ஒரு சொட்டு வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவோம். கறுப்பு மை விரிந்து விரிந்து ஊதாவும் மஞ்சளும் பச்சையுமாகப் பிரியும். அது காய்ந்ததும் மடித்துப் பூச்செய்து வயரில் கட்டுவோம். தம்பி மட்டும் பூச்செய்ய மாட்டான். அவனுக்கு ரயில்தான். தீப்பெட்டிகளை வயரால் கோத்துப் பெட்டிகளாக்கி, நூல்கட்டைகளைச் சக்கரமாக வைத்து, ஒவ்வொரு தீப்பெட்டிக்குள்ளும் ஒரு டிக்கெட்டை நிற்க வைப்பான். அந்த டிக்கெட்டுகள்தான் பிரயாணிகள். அவனோடு சரிக்குச் சரி குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவள் தையல்கடை பாயின் மகள். அவளுக்கு ஐந்து வயதிருக்கும். வாய் ஓயாது. அவள் பேசுவாள், அவன் கோப்பான். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ரேடியோவில் ஆன்ட்டிக்குப் பிடித்த நிகழ்ச்சி முடிந்ததும் புளியங்கொட்டை போட்ட டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வருவார். "எத்தண்டிரா! எல்லாம் எத்தண்டி!" எடுத்து வைக்கும் நேரம். டிக்கெட் தகர டப்பாவுக்கு, வயர் பிஸ்கட் பெட்டிக்கு, நூல்கட்டை துணிப்பைக்கு. ஆன்ட்டி துடைப்பத்தோடு பின்னாலேயே வருவார். தப்பிப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. செய்துகொண்டிருப்பது முடியவில்லை, நாளைக்கும் வேண்டும் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தமிழோ தெலுங்கோ இந்தியோ, எதில் வேண்டுமானாலும். சொன்னால் ஆன்ட்டி இடுப்பில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். வட்டத்துக்குள் துடைப்பம் போகாது. வேறு யார் காலும் போகாது. வேலை முடிந்ததும் கேட்டவர்தான் வந்து அதை அழிக்க வேண்டும்.

அந்தச் சட்டம் அங்கிள் கொண்டுவந்தது. "யார்டுலே ரிப்பேர் வேகனுக்கு சாக்பீஸ் கோடு போட்டுட்டா எவனும் இழுக்கக் கூடாது. கோடு போட்டவனே வந்து அழிக்கணும். பெரிய சாயபே வந்தாலும் கை வைக்க முடியாது, ஹவ்!" என்பார். டூட்டி முடிந்து வரும்போது, கூடத்தில் இருக்கும் வட்டங்களை எல்லாம் அந்தப் பெரிய உடம்பைச் சாய்த்துச் சாய்த்து சுற்றிக்கொண்டு போவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

தம்பிக்கு மட்டும் வட்டம் கிடையாது. அவன்தான் கேட்கவில்லையே. நான் அவனுக்காகக் கேட்டுப் பார்த்தேன். ஆன்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் ரயிலு, அவனே கேக்கட்டும். நாளைக்கு நீ வந்து அழிப்பியா?" என்றுவிட்டார். தினமும் அவன் ரயில் கலைந்து பெட்டிக்குள் போகும். தினமும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். அழ மாட்டான். துடைப்பம் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

மழை தொடங்கி சில நாளாகியிருந்தது. அன்றைக்கு ரயில் நீளமாக வந்திருந்தது, ஜன்னலடியிலிருந்து கதவுவரை. ஆன்ட்டி புளியங்கொட்டையைக் குலுக்கினார். துடைப்பம் கதவுப் பக்கமிருந்து வந்தது. தம்பி எழுந்தான். துடைப்பத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் போய் நின்றான். இரண்டு கையையும் அகல விரித்தான்.

"நக்கோ!"

நான் முதலில் பாய் மகள் சொன்னாள் என்று நினைத்தேன். அவள் கையில் பிடித்திருந்த நூல்கட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "அரே! போல்யா! ஆன்ட்டி, உனே போல்யா!" என்று, அவன் பேசிவிட்டான் என்று குதித்தாள். ஆன்ட்டி துடைப்பத்தை எறிந்துவிட்டு அவனை வாரித் தூக்கினார். அவனுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. கீழே இறங்கத் திமிறிக்கொண்டு, தரையைக் காட்டி மறுபடியும், "நக்கோ" என்றான். ஆன்ட்டி அழுதுகொண்டே சாக்பீஸை எடுத்து அவ்வளவு நீள ரயிலைச் சுற்றியும் வட்டம் போட்டார். வட்டமா அது, கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பூசணிக்காய். டப்பாவிலிருந்த உஸ்மானியா பிஸ்கட் முழுவதும் அன்றைக்கு எங்களுக்குத்தான்.

அம்மா வந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்குள் ஆன்ட்டி வாசல் கேட்டுக்கே ஓடினார். "பேசிட்டான்மா! உன் மகன் பேசிட்டான்!"

அம்மாவின் கையிலிருந்த குடை அப்படியே சாய்ந்தது. மழையில் நனைந்துகொண்டு நின்றாள். "என்ன சொன்னானுங்க? அம்மான்னு சொன்னானா?"

"நக்கோ சொன்னான்! ரெண்டு தடவை!"

"அப்படின்னா?"

"வேணாம்னு அர்த்தம்மா. துர்க்கி பாஷை, பாய் வீட்டுலே பேசறது."

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சம் பாதியில் நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், பார்த்தேன். அவள் ஈரச் சேலையோடு முட்டி போட்டு உட்கார்ந்து தம்பியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொல்லு சாமி. ஒரு தடவை. அம்மா." அவன் அவளுடைய மூக்கிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சில நாட்களைப் போலச் சந்தோஷமான நாட்கள் எனக்கு நினைவில்லை. அவன் பேசினான். ஆன்ட்டி வீட்டுக் கூடத்தில் மட்டும், அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு மட்டும் பேசினான். "ரைல் ஆரா, ஜருகு!" என்பான். பாய் மகளிடமிருந்து பாதி, பாங்க்காரர் மகனிடமிருந்து பாதி. ரயில் வருகிறது, நகரு என்று அர்த்தம். "இன்னொண்ணு தே" என்று என்னிடம் தீப்பெட்டி கேட்டான். அதில் பாதி தமிழ் இருந்ததைக் கவனித்தீர்களா? கைக்கு எட்டிய வார்த்தையை எடுத்துத் தன் ரயிலைக் கோத்த மாதிரி கோத்துக்கொண்டிருந்தான் பிள்ளை.

வீட்டுக்கு வந்தால் வாயை மூடிக்கொள்வான். அதனால் அம்மா அவனை ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். ஊரிலேயே பெரிய குழந்தை டாக்டர் என்று பேர். அப்பாவும் வந்தார், என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் தம்பியின் நாக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு அவன் என்னென்ன வார்த்தை பேசுகிறான் என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் சிரித்தார்.

"மூளை குழம்பிக் கிடக்கும்மா. வீட்டில் ஒன்று, வெளியில் மூன்று. குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும்? தாய்மொழி ஒன்றை மட்டும் காதில் போடுங்கள். மற்றதை எல்லாம் நிறுத்துங்கள்."

அவரும் வேண்டுமென்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ரிக்‌ஷாவில் அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"லேப்ல ஒரு சோதனை சரியா வரலைன்னா நாங்க என்னங்க பண்ணுவோம்? கலந்திருக்கிறதை ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் பார்ப்போம். சுத்தமா ஒண்ணே ஒண்ணு மிஞ்சுற வரைக்கும். அப்பத்தான் தெளிவாத் தெரியும்."

"அப்ப உன்ற வேலை?" என்றார் அப்பா.

"என்ற மகன் பேசினா போதும். வேலை கெடக்குது."

விட்டுவிட்டாள். தார்நாகா வேலையை, பதவி உயர்வு வரப்போகிற சமயத்தில், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். கெட்ட அம்மாவாக இருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருளைத் தூக்கிப் போட்டு அந்தத் தவறை வாங்கினாள்.

ஆன்ட்டியிடம் சொல்லப்போனபோது அவராவது தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. நமக்கென்ன தெரியும்?" என்றார். சொல்லிவிட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். ரயில் வட்டத்துக்குள் நின்றது. தம்பியை அன்றைக்கு நாங்கள் அழைத்துப் போகவில்லை. மறுநாள் வந்து ஓட்டலாம் என்று அவன் நிறுத்தி வைத்தது நிறுத்தி வைத்தபடி இருந்தது.

பிறகு எங்கள் வீடு அமைதியானது. அப்பாவின் ரேடியோ அலமாரிக்கு மேலே போனது. நான் பள்ளிக்கூடத்துத் தெலுங்குப் பாடத்தை மொட்டை மாடியில் போய்த்தான் படிக்க வேண்டும். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளிடம், உள்ளே இருக்கும்போது பேச வேண்டாம் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். பாவம், அந்த அம்மாள் இருமக்கூடப் பயந்தார். பகல் முழுக்க அம்மா தம்பியை எதிரில் உட்கார வைத்துப் படம் காட்டுவாள். "இது மாடு. சொல்லு சாமி, மாடு. இது ஆடு." தம்பி ஒவ்வொரு படத்தையும் மரியாதையாகப் பார்ப்பான். ஜன்னலுக்கு வெளியே யாராவது பேசிக்கொண்டு போனால் மட்டும் தலை சடக்கென்று திரும்பும். அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க ஆன்ட்டி வீட்டுக்குப் போனோம், அம்மா, நான், தம்பி. சீதாப்பழக் காலம், ஆன்ட்டி வீட்டு வாசலில் கூடை கூடையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். படியேறும்போதே அம்மா தணிந்த குரலில் கேட்டுக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்க. பிள்ளைங்களைக் கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொல்லுங்க."

ஆன்ட்டி கூடத்தைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். எல்லாச் சத்தமும் நின்றுபோனது. உள்ளே நுழைந்தோம்.

ரயில் அங்கேயே இருந்தது. ஜன்னலடியிலிருந்து கதவுவரை. ஒரு டிக்கெட் கூடச் சாய்ந்திருக்கவில்லை. சுற்றிலும் சாக்பீஸ் கோடு பளிச்சென்று வெள்ளையாக, அன்று காலையில் போட்டது.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

அங்கிள்தான் சொன்னார். "தரை துடைச்சா கோடு போயிடுதும்மா. டெய்லி மறுபடி போடறா. நானும் ஒதுங்கித்தான் போறேன். கேட்டவன் வந்து அழிக்கணும் இல்லே?"

பாய் மகளால் பொறுக்க முடியவில்லை. "ஆ ரே!" என்று கிசுகிசுத்து, தம்பியின் கையைப் பிடித்து வட்டத்துப் பக்கம் இழுத்தாள். ஆன்ட்டி அவளைப் பார்த்து, "சுப்!" என்றார். அவள் கையை விட்டுவிட்டாள். தம்பி வட்டத்துக்கு வெளியே நின்றான். ரயிலைப் பார்த்தான். அவன் உதடு லேசாக அசைந்தது, நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன சொல்லப்போகிறானோ, எந்த பாஷையில் சொல்லப்போகிறானோ என்று.

அவன் உதட்டை மூடிக்கொண்டான். குந்தி உட்கார்ந்தான். முதல் தீப்பெட்டியைக் கழற்றினான். டிக்கெட்டுகளை எடுத்துத் தகர டப்பாவில் போட்டான். வயர்களை நீவி பிஸ்கட் பெட்டிக்குள் வைத்தான். நூல்கட்டைகளைப் பைக்குள் போட்டான். எதையும் மறக்கவில்லை, எதையும் இடம் மாற்றி வைக்கவில்லை. கடைசியாக உள்ளங்கையால் சாக்பீஸ் கோட்டை அழித்தான், சுற்றிச் சுற்றி நகர்ந்து, முழுவதையும். அழித்த கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து நின்றான்.

"பார்த்தீங்களா, எவ்வளவு சமத்தா எடுத்து வச்சுட்டான்!" என்றாள் அம்மா. அவள் குரலில் அத்தனை பெருமை. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். ஆன்ட்டி பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவர், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தம்பி சமத்து என்றுதான் நானும் நினைத்தேன்.

அவன் பேசாமலே போய்விடவில்லை. ஆறு வயது தாண்டியபின் பேசினான். தமிழில், சுத்தமாக, எண்ணி எடுத்து வைத்த மாதிரி. கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் இல்லை. அப்பாவின் ஃபாக்டரியிலேயே வரைபடம் போடும் வேலையில் சேர்ந்து, அங்கேயே ரிட்டையரும் ஆகப்போகிறான். கல்யாணப் பேச்சு வந்தபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டான். அவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஆட்டோக்காரரிடம் கூட விரலால் வழி காட்டுவானே தவிர, இந்தியில் ஒரு வார்த்தை பேச மாட்டான். அப்பா போனபின் அம்மாவும் அவனும் தனியாக அந்த வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பேசுவதற்கு ஒரு மொழி இருந்தது. பேச்சுதான் இல்லை.

ஒருநாள் மத்தியானம் நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். டிவியில் ஒரு குழந்தை டாக்டர், இளம்பெண், பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு மூன்று மொழி புழங்கினால் குழந்தை பேசுவது அதனால் தாமதமாகாது, கலந்து பேசினாலும் பயப்பட வேண்டாம், அந்தக் கலவையும் பேச்சுதான், பேசுகிற இடத்தை விட்டு மட்டும் பிள்ளையைப் பிரிக்காதீர்கள் என்றார். அம்மா ரிமோட்டை எடுத்து அணைத்தாள். கொஞ்ச நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அம்மிணி, அன்னைக்கு அவன் பேசினதும் பேச்சுதானா?" என்றாள்.

பக்கத்து அறையில் தம்பி செய்தித்தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அம்மா அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் தம்பி சாப்பிட உட்காரும்போதெல்லாம், அவன் வாயைத் திறக்கக் காத்திருக்கிறவள் மாதிரி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

அம்மா போன வருஷம் மழைக்காலத்தில் போய்விட்டாள். தூக்கத்தில், தொந்தரவு கொடுக்காமல். கோயமுத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அம்மாவைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தோம். தம்பி அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் பேசாததை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. வண்டி வந்தது. நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் உள்ளே வந்து அம்மாவைத் தூக்கக் குனிந்தார்கள்.

தம்பி எழுந்தான். அவர்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றான். நரைத்த தலையோடு, இரண்டு கையையும் அகல விரித்தான்.

"நக்கோ," என்றான்.

கோயமுத்தூர்ச் சொந்தக்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாப்ல?" என்று கேட்டார். அவருக்கு எதைச் சொல்லி எங்கிருந்து ஆரம்பிப்பது? தூக்க வந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் புரிந்தது, கையை எடுத்துவிட்டார்கள். நான் அவர்களை வாசலில் உட்காரச் சொன்னேன். அவன் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது என்றேன்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. நேரமாகிறது என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். நான் யாரையும் உள்ளே விடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தம்பி குனிந்து அம்மாவின் சேலை மடிப்பை நேராக்கினான். காலருகே சிதறிக் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் மேலே வைத்தான். பிறகு உள்ளங்கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டு, அவனாகவே ஒதுங்கி நின்றான்.